நாடா வைத்த டிராயர் வேண்டும்: உள்ளாடை தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளாடை தயாரிக்கும் முதலாளிகளுக்கும் அதை விற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

கோடு போட்ட துணியில் நாடாவும் பையும் வைத்துத் தைத்த, தொடை வரை நீளும் பட்டாபட்டி டிராயர் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வாரம் அப்பாவுக்கு ஒன்று கேட்டதற்கு, "நாடகத்துக்கா சார்?" என்று சிரித்தார் கடைப் பையன். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்திருக்கிறது. தளர்வான பருத்தி உள்ளாடைதான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இப்போது வரும் எதை மாட்டினாலும் எலாஸ்டிக் இடுப்பையும் தொடையிடுக்கையும் கவ்வுகிறது. சாயங்காலம் கழற்றினால் சிவந்த தடம். தையல் போட்ட இடத்தைத் தொடவே பயப்படுகிறார். பெரிய அளவாக வாங்கினால் நடக்கும்போது நழுவுகிறது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே கழிவறைக்குப் போகிறார். நாடா என்றால் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் தளர்த்தலாம், வெளியே கிளம்பும்போது இறுக்கிக்கொள்ளலாம். உள்ளே போய்விட்டால் ஊக்கில் கோத்து இழுத்துவிடலாம். தொய்ந்துபோன எலாஸ்டிக்கை என்ன செய்வது?

அரைஞாண் கயிற்றில் துணியைச் செருகிக் கோவணம் கட்டி ஏர் ஓட்டிய காலத்துக்கு உங்களைத் திரும்பச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். பட்டாபட்டி போதும். வேட்டியை மடித்துக் கட்டினாலும் மானம் காக்கும் நீளம். அப்புறம் அந்தப் பை! வேட்டியில் ஏது பை? சில்லறை, பஸ் டிக்கெட், பீடிக்கட்டு எல்லாம் அதில்தானே இருந்தன?

டெய்லரிடம் தைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தோம், கூலி கட்டாது என்கிறார்கள். முன்பக்கம் கொக்கி வைத்த பருத்தி பாடிக்காக அம்மா அலைவது தனிக் கதை. தோள் வலிக்காரர்களின் கை முதுகுக்குப் பின்னால் எட்டுமா என்று யாராவது யோசித்தீர்களா?

ஆனால் அதே கோடு போட்ட துணியில் நாடாவை உருவிவிட்டு, பையையும் பிடுங்கிக்கொண்டு, 'பாக்ஸர்' என்று அட்டைப்பெட்டியில் போட்டால் அது நாகரிகம். இடுப்புப் பட்டையில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர் வேறு. வேட்டிக்குள் அதை யார் படிக்கப் போகிறார்கள்?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நாடா வைத்த பருத்தி டிராயர், பையோடு, பெரிய இடுப்பு அளவுகளிலும் தைத்துக் கடைகளுக்கு அனுப்புங்கள். இதற்குப் புது இயந்திரம் எதுவும் தேவைப்படாது. கோடு போட்ட துணிதான் வெட்கம் என்றால் வெள்ளையிலேயே தையுங்கள், வாங்கிக்கொள்கிறோம். தயவுசெய்து நாடாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்