கூண்டுக்குள் இன்னும் ஒரு பையன் இருக்கிறான்

எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தின் தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமைக் கதை நேரத்தில் "பயமுறுத்தும் கதைகள் இனி வேண்டாம், நல்ல கருத்துள்ள கதைகள் மட்டும் போதும்" என்று நீங்கள் எடுத்த முடிவு வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது. அங்கேயே பதில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக இந்த மடல். நூலகரிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குற்றம் என் பேரிலும் உண்டு.

போன சனிக்கிழமை நான் சொன்னது ஹான்சல், கிரெட்டல் கதை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் சேகரித்தது. காட்டோரம் ஒரு விறகுவெட்டி. நாட்டில் பஞ்சம். இரண்டு பிள்ளைகளையும் காட்டில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறாள் அவன் பெண்டாட்டி. வழி அடையாளத்துக்கு ஹான்சல் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போகிறான், குருவிகள் தின்றுவிடுகின்றன. அலைந்து திரிந்து பார்த்தால் ரொட்டிச் சுவர், கேக் கூரை, சர்க்கரை ஜன்னல் என்று ஒரு வீடு. உள்ளே சூனியக்காரி. பையனைக் கூண்டில் அடைத்து, கறியாக்கித் தின்பதற்காக வக்கணையாகச் சாப்பாடு போடுகிறாள். கிரெட்டலுக்கு வெறும் நண்டு ஓடு. தினம் காலையில் கிழவி வந்து, "விரலை நீட்டுடா, சதை போட்டிருக்கா பாப்போம்" என்பாள். அவளுக்குக் கண் மங்கல். ஹான்சல் விரலுக்குப் பதிலாக ஒரு எலும்பை நீட்டுகிறான்.

இந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து "விரலை நீட்டு" என்பேன். இந்த மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளைகூட விரலை நீட்டியதில்லை. பென்சில் வரும், ஸ்கேல் வரும், ஐஸ் குச்சி வரும். ஒருத்தி தலையிலிருந்து கிளிப்பை உருவி நீட்டினாள். நான் தடவிப் பார்த்து, "என்னடி இது, நாலு வாரமாச்சு, இன்னும் ஈர்க்குச்சி மாதிரி இருக்கே" என்று சலித்துக்கொள்வேன். பாதிப் பயம், பாதிச் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொள்ளும் கைகள். பெரிய மனுஷி ஒருத்தியை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் அந்தக் கண்ணில் இருக்கும் பாருங்கள், அதற்காகத்தான் நான் முட்டிவலியோடு மாடிப்படி ஏறி வருகிறேன்.

அன்றைக்குச் சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. வெளியே மழை இருட்டு. ஆட்டோக்காரர் வேறு கீழே நின்று ஹாரன் அடிக்கிறார். "மிச்சம் அடுத்த வாரம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்று ராத்திரி தூங்கவில்லையாம், லைட்டை அணைக்க விடவில்லையாம். அவன் அம்மா உங்களிடம் சொன்ன புகார் நியாயமானது. என்னிடமும் வந்து சொன்னார். ராத்திரி முழுக்க அவன் என்னதான் கேட்டான் என்று விசாரித்தேன். "அந்த அண்ணன் இன்னும் கூண்டுக்குள்ளதான் இருக்கானாம்மா?" இதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

சூனியக்காரி வருவாளா என்று அவன் கேட்கவில்லை, கவனியுங்கள். கதை அவனைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. கதை முடியாமல் நின்றதுதான் தூங்கவிடவில்லை. நான் ஒரு வாரத்துக்குச் சாத்திவிட்டு வந்த கூண்டை நீங்கள் நிரந்தரமாகப் பூட்டப் பார்க்கிறீர்கள்.

இந்தக் கதைகளைக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதில்லை. 1812இல் கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி வந்தது. 86 கதைகள், ஒரு படம் கிடையாது, பின்னால் பண்டிதக் குறிப்புகள். இதைப் பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது என்று அப்போதே முணுமுணுத்தார்கள். இளையவர் வில்ஹெல்ம் அதற்குப் பிறகு 1857 வரை ஒவ்வொரு பதிப்பிலும் கை வைத்துக்கொண்டே இருந்தார். கோபுரத்தில் அடைபட்டிருந்த ரபுன்ஸல் என்ற பெண் தன் உடுப்பு ஏன் இறுகுகிறது என்று வெள்ளந்தியாகக் கேட்கும் வரி போயிற்று. கர்ப்பம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுமாம். ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். 1819இல் அவள் சித்தியானாள். ஹான்சலைக் காட்டில் விடச் சொன்னவளும் பெற்றவள்தான். 1840 பதிப்பில் அவளும் சித்தியாகிவிட்டாள். உலகத்துச் சித்திகளுக்கு ஏற்கெனவே இருந்த கெட்ட பெயர் இன்னும் கூடியது இப்படித்தான். என் பாயில் சித்தி வளர்க்கும் பிள்ளைகளும் உட்காரலாம் இல்லையா? நான் அந்த இடத்தை "வீட்டுப் பெரியவங்க" என்று சொல்லிக் கடந்துவிடுவேன். அவ்வளவு மாற்ற எனக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் இத்தனையையும் மாற்றிய மனிதர் அடுப்பில் கை வைக்கவில்லை. ஏழு பதிப்பிலும் கிரெட்டல் அந்தக் கிழவியை அடுப்புக்குள் தள்ளுகிறாள்.

எதையும் சொல்லலாம் என்று நான் வாதாட வரவில்லை. அதே 1812 தொகுதியில் பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி, நிஜக் கத்தியை எடுத்துவிடும் கதை ஒன்று இருந்தது. அடுத்த பதிப்பிலேயே தூக்கிவிட்டார்கள். அதை நானும் சொல்லமாட்டேன். அதில் ஏமாற்றுவதற்கு ஒரு கிழவி இல்லை, நீட்டுவதற்கு ஒரு எலும்பு இல்லை. வெறும் கோரம்.

நம் பக்கத்துக் கதை என்ன லேசானதா? நல்லதங்காளை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சத்துக்குப் பயந்து ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள். கடைசியில் அந்தத் தாய் ஒவ்வொன்றாய் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. என் ஆச்சி இதைச் சொல்லும்போது தாது வருஷப் பஞ்சத்தையும் சேர்த்துக்கொள்வாள். அவளுக்கும் அவள் ஆச்சி சொன்னது. 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் யார் வீட்டுக் கதவு திறந்தது, யார் வீட்டுக் கதவு சாத்தியது என்பதெல்லாம் கதைக்குள் வந்துவிடும். ஜெர்மன் விறகுவெட்டி வீட்டுப் பஞ்சத்தை என் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிராததற்கு இதெல்லாம் ஒரு காரணம். ஆனாலும் நல்லதங்காளை நான் ஏழு வயசுக்குச் சொல்வதில்லை. பத்து தாண்டட்டும். கிணற்றுக்குள் போன பிள்ளைகளுக்கு ஹான்சலுக்குக் கிடைத்த மாதிரி ஒரு எலும்பு கிடைக்கவில்லையே.

இனி அந்த "நல்ல கருத்து". உங்கள் பட்டியலில் முதலாவதாக இருப்பது பாட்டி வடை சுட்ட கதை. காக்கா வடையைத் திருடியது. நரி காக்காவை ஏமாற்றியது. வடை நரிக்கு. திருட்டுக்கும் தண்டனையில்லை, புரட்டுக்கும் தண்டனையில்லை. என் பாயில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்ப பாட்டிக்குக் காசு?" இதுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் சொல்லுங்கள். இந்தக் கதை இத்தனை தலைமுறை ஓடியது அதன் கருத்தாலா என்ன? "காக்கா காக்கா, ஒரு பாட்டுப் பாடு" என்று இழுக்கும்போது வடை விழப்போகிறது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் காத்திருப்பார்கள். அதுதான் அதன் ருசி.

பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொன்று, அரக்கனின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும் கதை. ரஷ்யாவில் கஷ்செய் என்று ஒரு பொல்லாதவன் உண்டு. அவன் உயிர் ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி கடல் நடுவே ஒரு தீவில் ஓக் மரத்தடியில். இதைச் சொன்னதும் ஒரு பொடியன், "எங்க அரக்கனுக்குத்தான் தூரம் ஜாஸ்தி" என்றான். எவ்வளவு பெரிய அரக்கனானாலும் உயிரை எங்கேயோ ஒரு சின்ன இடத்தில் வைத்திருக்கிறான், தேடினால் கிடைக்கும். வகுப்பில் தினம் ஒரு முரடனிடம் குட்டு வாங்கும் பிள்ளைக்கு இதைவிட இனிப்பான சேதி வேறென்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் தொரொத்தேயா ஃபீமன் என்று ஒரு தையற்காரரின் மனைவி. அப்பா சத்திரம் நடத்தியவர். வந்து போகும் வழிப்போக்கர்களிடம் கேட்டு வளர்ந்த கதைகள். காஸல் நகரத்துக்குத் தோட்டத்துக் காய்கறி விற்க வருவார், வந்த இடத்தில் கதை சொல்வார். திரும்பச் சொன்னாலும் சொல் மாறாது, எங்காவது தவறிவிட்டால் நடுவிலேயே நிறுத்தித் திருத்திக்கொள்வார் என்று அந்தச் சகோதரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நினைவாற்றல் கிடையாது. என்னைத் திருத்துவதற்குப் பாயில் இருபது பேர் இருக்கிறார்கள். நண்டு ஓட்டை விட்டுவிட்டால் உடனே "நண்டு! நண்டு!" என்று சத்தம் வரும். எங்கள் வீட்டில் ஆச்சி கதை சொன்னால் நாங்கள் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். இப்போது உம் கொட்டுவார் இல்லை, குறுக்கே பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். எட்டு வயசுக்குக் கீழே, மேலே என்று இரண்டு பாய் விரிக்கலாம். எந்தக் கதை என்று முதல் நாளே பலகையில் எழுதிப் போடுகிறேன்; வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் பிள்ளையை அனுப்ப வேண்டாம். கூட உட்கார நினைப்பவர்களுக்கு இடம் இருக்கிறது. எந்தக் கதையையும் இனிமேல் பாதியில் விடமாட்டேன். கரண்ட் போனால் செல்போன் லைட்டில் முடிப்பேன்.

முடிவை மறுபடி யோசிப்பதற்கு முன்னால், வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்கு நீங்கள் எல்லோரும் வாருங்கள். கிரெட்டல், "இதுக்குள்ள எப்படி நுழையறதுன்னு தெரியலையே பாட்டி, நீங்களே காட்டுங்களேன்" என்று கேட்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அதற்கப்புறம் ஆறு வரும், ஒரு வெள்ளை வாத்து வரும். இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால் வாத்து தாங்காது, ஒவ்வொருத்தராய்ப் போவோம் என்பாள் அந்தப் பெண். அந்தப் பையனையும் அழைத்து வருவதாக அவன் அம்மா சொல்லியிருக்கிறார்.

கதை விட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களிடமும் குனிந்து கேட்பேன். வரும்போது ஆளுக்கொரு பென்சில் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமைக் கதைப் பாட்டி