மதுரையை மதுரைக்காரர்கள் சுற்றிப் பார்த்த ஆண்டு: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, மழைநீர் வடிகால் பற்றிய மனுக்கள் வழக்கம்போல் கொடுக்கப்பட்டன. முடிந்தவையும் நிலுவையில் இருப்பவையும் தனித்தாளில் உள்ளன. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும் சென்ற பொதுக்குழு தீர்மானித்த 'உள்ளூர் உலா' பற்றியது. விடுமுறை விட்டதும் கொடைக்கானல், மூணாறு என்று கிளம்பாமல், ஒரு வார இறுதியை நம் ஊரிலேயே வெளியூர்க்காரர் மாதிரி கழிப்பதுதான் திட்டம்.

மதுரையில் பார்க்க என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எது எந்தக் கிழமை மூடியிருக்கும், எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். வெளியூரிலிருந்து வருபவர் நாலு பேரைக் கேட்டுவிட்டு வருகிறார். நாமோ தெரிந்த இடம்தானே என்று வண்டியை எடுத்துவிடுகிறோம். கீழடி அருங்காட்சியகத்துக்கு வேன் பேசிய முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை என்பதைப் பூட்டிய கதவைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வேன் வாடகை போனது போனதுதான். காந்தி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இப்போது எந்த இடமானாலும் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் வண்டிக்கு முன்பணம்.

நகருக்குள் நடைக்கு ஒரு வழி அமைந்துவிட்டது. மீனாட்சியம்மன் கோயிலில் தொடங்கி வெளியே வருவதைவிட, வெளியிலிருந்து கோயிலை நோக்கி நடந்தால் ஊரின் அமைப்பு புரிகிறது. கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியாக வெளி வீதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அதில் உருவான தெருக்கள்தான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. பின் இரண்டும் அந்த வேலையை முன்னின்று செய்தவர்களின் பெயரைத் தாங்கியவை. பெரியார் பேருந்து நிலையம் அருகே கோட்டையின் மிச்சம் இன்னும் நிற்கிறது. பேருந்துக்காக அங்கே நின்ற நம்மில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்த்திருப்போம்?

காலை 6:30-க்கு அங்கே தொடக்கம். மேல மாசி வீதி, தெற்கு மாசி வீதி வழியாக, பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய விளக்குத்தூண். அங்கிருந்து, பழைய அரண்மனையின் மிச்சமான பத்துத்தூண். திருமலை நாயக்கர் மகால் திறக்கும் 9 மணிக்கு அதன் வாசல். பத்துத்தூணைக் கடைகள் திறக்கும் முன் பார்த்துவிட வேண்டும். 10 மணிக்கு மேல் துணிக்கடைச் சரக்கும் இருசக்கர வண்டிகளும் தூணின் அடிப்பகுதியை மறைத்துவிடும். சந்து குறுகல் என்பதால் ஒரு குழுவுக்கு 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் காதில் விழாது. மகால் 1636-இல் கட்டியது, இன்று நிற்பது அதில் ஒரு பகுதிதான். பத்துத்தூணைப் பார்த்துவிட்டு உள்ளே போனால்தான் பழைய அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது உறைக்கிறது.

இந்த வழியில் ஒரு குறை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறிய மேல மாசி வீதி 251-ஏ எண் வீட்டில் இப்போது கதர் அங்காடி இருக்கிறது. கடை திறக்கும் முன் போனால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. மாடி பார்க்க விரும்புவோர் மகாலை முடித்துத் திரும்பும்போது போகலாம்.

மீனாட்சியம்மன் கோயிலைப் பகலில் பார்ப்பதை விட்டுவிட்டோம். பகல் 12:30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பு. 2018 பிப்ரவரி 2 தீ விபத்துக்குப் பின் கைபேசிக்கும் தடை. செருப்பும் கைபேசியும் எந்தக் கோபுர வாசலில் வைத்தோமோ அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும். கிழக்கே வைத்துவிட்டுத் தெற்கே வெளியேறினால், உச்சி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடை. பெரியவர்கள் இருவருக்குக் கால் கொப்பளித்தது. சேரும் இடம், பிரியும் இடம் இரண்டும் ஒரே வாசல் என்று அதன்பின் முடிவானது.

இரவு பார்க்க வேண்டியது பள்ளியறை பூஜை. சுவாமியின் பாதுகை பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போகும். 8:30-க்கே உள்ளே இருந்தால் முக்குறுணிப் பிள்ளையாரையும் நிதானமாகப் பார்க்கலாம். குறுணி என்பது பழைய அளவை. குறுணிக்கு ஆறு படி, மூன்று குறுணி சேர்ந்து பதினெட்டு படி அரிசி. சதுர்த்திக்கு அத்தனையும் ஒரே கொழுக்கட்டை. வடக்கு ஆடி வீதி இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூஜை முடிந்து வீடு திரும்பி, மறுநாள் விடியலில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஓடுவது நடக்கிற காரியமில்லை. அதனால் சில குடும்பங்கள் டவுனிலேயே ஒரு இரவு அறை எடுத்தன. இங்கே எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. ஆதாரில் மதுரை முகவரி இருந்தால் பல விடுதிகள் அறை தருவதில்லை. உள்ளூர்க்காரர் எதற்கு அறை கேட்கிறார் என்ற சந்தேகம்தான். குடும்பமாக வருகிறோம், முகவரி உள்ளூர் என்று தொலைபேசியிலேயே சொல்லி, ஒப்புக்கொண்டவரின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

உறுப்பினர்கள் அதிகம் பாராட்டியது கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை அருகே திரும்ப வேண்டும். பாறையில் நிழல் கிடையாது. 6:30-க்கு ஏறி 9 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள ரப்பர் அடிச் செருப்பு கட்டாயம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், போக வேண்டாம்.

அய்யனார் கோயிலுக்குப் பின்னால் படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனையும் அதன் மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அங்கே உள்ளன. செட்டிப்புடவு என்ற குகை மலையின் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே படி என்று நினைத்து ஏறியவர்கள் இறங்கிச் சுற்றி வந்தார்கள். செட்டிப்புடவின் வெளியே அமர்ந்த பெரிய உருவத்தோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். தலையைக் குனிந்து குகைக்குள் போய் உட்கார்ந்து அண்ணாந்தால், வளைந்த கூரையில் ஐந்து சிற்பங்கள் இருக்கும். ஒரு ஓரத்தில் சிங்கத்தின் மேல் ஏறிய தேவி, யானை மேல் வருபவனோடு பொருதுகிறாள். நடுவே உள்ள தீர்த்தங்கரர் மூவருக்கும் தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை. டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் பாறையை ஒட்டிப் பிடித்தால் தேவி கையில் உள்ள வில்லின் வளைவு வரை தெரியும். பாறையில் வெட்டிய பழைய தமிழ் வட்டெழுத்துகளின் மேல் சாக்பீஸால் தேய்த்துப் படிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

நாள் பார்ப்பதிலும் ஒரு பாடம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் கோயில் உலா சரிப்படாது. பனியில் மல்லிகை வரத்தும் குறைந்து விலை எகிறும். மாசி மாதம்தான் தோது. பங்குனி பிறந்தால் வெயில். சித்திரைத் திருவிழா நாட்களில் உலா வைப்பதில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகள்: உள்ளூர் முகவரிக்கு அறை தரும் விடுதிகளின் பட்டியலைச் சங்க அலுவலகத்தில் வைப்பது, குழுவுக்கு இரண்டு டார்ச், ஒரு முதலுதவிப் பெட்டி வாங்குவது, முழங்கால் வலி உள்ளவர்களுக்காக, ஏற்றமில்லாத வண்டியூர் தெப்பக்குளத்தை மாலை நடையாகச் சேர்ப்பது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்