பெர்மிட்டோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றுவது பற்றிப் பயண இணைப்புகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் 'சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கிக்கொள்ளுங்கள்' என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த பெர்மிட் பற்றியே பாதிதான் சொல்கிறார்கள். அது தனி உரிமம் அல்ல. அசல் உரிமம் கையில் இல்லாவிட்டால் அது செல்லாது. உரிமம் கொடுத்த நாட்டிலேயே, கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி ஒன்று, 1968 வியன்னா உடன்படிக்கைப்படி ஒன்று என முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஜப்பானில் முதல் வகைதான் செல்லும், அதுவும் ஓராண்டுக்குத்தான்.

ஆனால் உண்மையான ஆபத்து காகிதத்தில் இல்லை, சாலையில் ஓட்டும் பக்கம் மாறுவதில் இருக்கிறது. பலரும் நெடுஞ்சாலையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அங்கே முன்னால் போகிற வண்டிகளே வழி காட்டிவிடும். தவறு நடப்பது ஆளில்லாத சாலையில்தான். விடிகாலையில் விடுதி வாசலிலிருந்து கிளம்பும்போதோ, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதோ, ஒருவழிச் சாலை முடிந்து இருவழிச் சாலைக்குள் நுழையும்போதோ எதிரே வண்டி ஒன்றும் இல்லையென்றால் கை தானாகப் பழைய பக்கத்துக்குத் திருப்பிவிடும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்க நாடுகளில் இடதுபுறத் திருப்பம்தான் பெரிய கண்ணி. எதிர்த் தடத்தைக் கடந்து அகலமாகத் திரும்ப வேண்டிய இடத்தில், பழக்கதோஷத்தில் ஒடித்துத் திருப்பினால் எதிரே வருகிற வண்டியின் முன்னால் போய் நிற்பார்கள். அந்த நாட்டுக்கென்றே தயாரித்த காராக இருந்தால் ஒரே கணக்கு போதும்: ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிற பக்கம்தான் சாலையின் நடுக்கோடு. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அதை வாய்விட்டே சொல்லலாம்.

இன்னொன்று, இருக்கை மாறியதும் வண்டியின் மறுபக்க அகலம் பிடிபடாது. வண்டி மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கி, சக்கரம் நடைபாதை விளிம்பில் உரசும். வாடகைக் காரில் அந்தக் கீறலுக்கு டெபாசிட்டிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். சாவி வாங்கியதும் சாலைக்குப் பாயாமல், வாகன நிறுத்துமிடத்திலேயே இரண்டு சுற்று வந்து கண்ணாடிகளைச் சரிசெய்துகொள்வது நல்லது. இண்டிகேட்டரும் வைப்பரும் இடம் மாறியிருக்கலாம். திருப்பத்தில் சிக்னலுக்குப் பதில் வைப்பர் ஆடுவது பொதுவாகக் காணும் காட்சிதான்.

சந்திப்புகளில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்காவில் சிவப்பு விளக்கு எரிந்தாலும், முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டு வலதுபுறம் திரும்பப் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு; நியூயார்க் நகரில், அனுமதிக்கும் பலகை இல்லாவிட்டால், கிடையாது. நான்கு பக்கமும் 'ஸ்டாப்' பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். பிரான்ஸ், ஜெர்மனியில் பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை; அது எவ்வளவு சின்னத் தெருவாக இருந்தாலும் சரி. வெள்ளைக் கரையிட்ட மஞ்சள் வைரவடிவப் பலகை தெரிந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை என்று பொருள். ஐரோப்பாவில் சிக்னல் கம்பம் பெரும்பாலும் நிறுத்தக்கோட்டின் அருகிலேயே இருக்கும். கோட்டைத் தாண்டி நின்றால் விளக்கே கண்ணில் படாது. ஹெட்லைட் மின்னினால் சில இடங்களில் 'நீ போ', சில இடங்களில் 'நான் வருகிறேன், நில்'. அதை நம்பி நகராமல் இருப்பதே சரி.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேகப் பலகை மைலில் இருக்கும்; ஐந்து மைலுக்கு எட்டு கிலோமீட்டர். எரிபொருள் பம்பில் நிறத்தை நம்பவே கூடாது. ஐரோப்பாவில் பச்சைக் குழாய் பெரும்பாலும் பெட்ரோல். அமெரிக்காவில் பல பங்குகளில் அதே பச்சை டீசல். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோலுக்கு வட்டமும் டீசலுக்குச் சதுரமும் லேபிளில் உண்டு; டேங்க் மூடியிலுள்ள லேபிளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பக்கூட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டால் வண்டிக்குள் இருக்கும் பம்பு, எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என எல்லாவற்றுக்கும் அந்தத் தவறான எரிபொருள் போய்விடும். அதற்கு முன்பே நிறுத்திவிட்டால் டேங்கை வடிகட்டுவதோடு செலவு முடியும்.

இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் 'ஸெட்.டி.எல்.' என்ற, அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையக்கூடிய கட்டுப்பாட்டு வளையங்கள் உண்டு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் கேமரா எண்ணைப் படமெடுத்துவிடும். ஊர் திரும்பி மாதங்கள் கழித்துத்தான் அபராதச் சீட்டு வரும். வாடகை நிறுவனம் தன் பங்குக்குக் கட்டணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும்.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது அந்த நாட்டில் எந்தப் பக்கம் ஓட்டுவது, வேகம் மைலா கிலோமீட்டரா, சந்திப்பில் யாருக்கு முன்னுரிமை, நகரங்களுக்குள் எங்கெல்லாம் தடை என்ற நான்கையும் தனிக் கட்டமாகப் போடுங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இரண்டைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டுநர் பயிற்சியாளர்