அண்ணாவுக்கு: 88-ஐத்தான் படிக்கப் போகிறேன்

அண்ணா,

முடிவு பண்ணிவிட்டேன். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்தில் 23-ம் சங்கீதமும் வேண்டாம், 91-ம் வேண்டாம். 88. உன் குரல் செய்திகளுக்கு வாட்சப்பிலேயே பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், ஆனால் நாலு பேர் பார்த்தால்தான் நான் மரியாதையாகப் பேசுவேன், அது உனக்கே தெரியும்.

நினைவு நாளும் பரமேறுதல் திருநாளும் இந்த வருஷம் ஒரே வியாழனில், மே 14-ல் விழுந்ததுதான் வம்பு. 88 முழுக்க அழுகைதான் என்பதால், "ஆண்டவர் மகிமையில் ஏறிப்போன நாளில் ஒப்பாரியா?" என்று கேட்டாய்.

அம்மாவின் கட்டிலருகே நான் 88 படித்த அந்த ராத்திரி வீடியோ காலில் நீயும் இருந்தாய். "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாய், படுத்த படுக்கையாக இருப்பவரிடம் இதையா படிப்பார்கள், கர்த்தர் காப்பார் என்று சொல்லும் 91 படி என்று. (சாத்தான் இயேசுவிடம் எடுத்துக் காட்டியதும் அதே 91-தான். குரூரமாக இருக்கிறது, ஆனாலும் அழிக்கப் போவதில்லை.) அம்மா "சரிப்பா" என்றார். நானும் படித்தேன். நீ ஜெபம் பண்ணிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. "அண்ணன் வச்சிட்டானா?" என்று கேட்டார். வைத்துவிட்டான் என்றதும், "அப்ப விட்ட இடத்துலேருந்து படி" என்றார். கடைசி வசனம் வரை படித்தேன். அதில் ஆறுதலே வராது, சிநேகிதனும் தோழனும் தூரமாகிப் போனதோடு முடிந்துவிடும். "இவனாவது உள்ளதச் சொல்றான்" என்றார் அம்மா, அந்தச் சங்கீதக்காரனை. மாத்திரை போட்டும் தூங்காதவர், அன்றைக்கு விடியும் வரை தூங்கினார்.

"தேவன் ஆர்ப்பரிப்போடும், கர்த்தர் எக்காள சத்தத்தோடும் உயர எழுந்தருளினார்" என்று திருநாளில் படிப்போமே, 47. அதன் தலைப்பில் இருக்கிற கோராகின் புத்திரர்தான், அந்த ஆலயப் பாடகர் வம்சம்தான், 88-ன் தலைப்பிலும் இருக்கிறார்கள். ஆர்ப்பரிப்பையும் அழுகையையும் அவர்கள் ஒரே வாயால் பாடினார்கள், நாம்தான் பாதியை ஒளித்து வைக்கிறோம்.

பரமேறியவர் யார்? சிலுவையில் 22-ன் முதல் வரியை, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதைச் சொல்லிக் கதறியவர். மேலே போனதும் அதை மறந்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. விசுவாசிகளைப் பிடித்துவரத் தமஸ்குவுக்குப் போன சவுலிடம் வழியில் அவர் "என் ஜனங்களை" என்று சொல்லவில்லை, "என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்" என்றார், பரலோகத்தில் இருந்துகொண்டே. ஆதிச் சபையின் பிஷப் அகுஸ்தீன் இதைப் பிடித்துக்கொண்டார்: காலை மிதித்தால் நாக்குதான் கத்துகிறது, தலை மேலே, உடல் இங்கே. சங்கீதங்களையும் அவர் அப்படித்தான் வாசித்தார். தேவனுடைய வலதுபாரிசத்தில் இருப்பவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்கிறது. எதைச் சொல்லி வேண்டுவார், நம்முடைய அல்லேலூயாக்களை மட்டுமா? கோலாலம்பூரில் நம் செந்தூல் வீட்டுக் கட்டிலில் அம்மா கேட்ட 88-ம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பரமேறுதலில் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அதுதான்.

சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடே எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். சரி, அவர் கைகளை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டே போனார். நீ ஏர்போர்ட்டில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே போனாய். மகிமையெல்லாம் தூரத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கு பேம்பர்ஸ் மாற்றுகிற வேலை. மாதம் தவறாமல் பணம் அனுப்பினாய், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆஸ்பத்திரியில் நடந்த பேச்சை இங்கே எழுத மாட்டேன், பெரியம்மா வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

அப்புறம் ஒன்று. இங்கே கோலாலம்பூரில் பெரிய வெள்ளிக்கே லீவு கிடையாது, பரமேறுதலுக்கு எங்கே கிடைக்கும்? வேலை முடிந்து வந்த களைப்போடு என்னைக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஏற்றி மாலை ஆராதனைக்குக் கூட்டிப்போனது நீதான். பாதி பெஞ்சு காலியாக இருக்கும். "வாசல்களே, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்" என்று நீ படிக்கும்போது நிஜமாகவே வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். சங்கீதம் எனக்குப் பிடித்துப்போனது உன் குரலால்தான். அதனால்தான் நீ நிறுத்தச் சொன்னது அவ்வளவு வலித்தது.

கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு, உனக்கு மெல்பர்னில் பத்து. சூம் இணைப்பு அனுப்புகிறேன். முதலில் நீ 47 படி, அதற்குப் பிறகு நான். நான் படிக்கும்போது மட்டும் மைக்கை ஆன் பண்ணாதே.