மின்னூட்ட அடர்த்திப் படங்களைச் சான்றாக ஏற்கும் முன்: ஆய்வு நெறியாளர்களுக்கும் புறத்தேர்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு பொருள்களின் பண்புகளைக் கணிக்கும் டிஎஃப்டி (அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) கணக்கீடுகளை நம்பி எழுதப்படும் திண்மநிலை இயற்பியல் ஆய்வேடுகளில், அணுக்களைச் சுற்றிச் சமமதிப்புக் கோடுகள் (ஒரே அடர்த்தியுள்ள புள்ளிகளை இணைப்பவை) வட்டமாகத் தெரிந்தால் அயனிப் பிணைப்பு என்றும், கோடுகள் இடையில் கலந்தால் சகப்பிணைப்பு என்றும் எலக்ட்ரான் அடர்த்தியைக் காட்டும் ஒரு வண்ணப் படத்தை வைத்து இரண்டே வரிகளில் தீர்ப்பு எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு வரிகளைக் கேள்வியின்றிக் கடந்துவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நமக்கெல்லாம் பழக்கமான சிலிக்கானையே பாருங்கள். அதன் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டியின்) பக்கம் 5.43 ஆங்ஸ்ட்ராம், பிணைப்புகள் 111 வகைத் திசைகளில் அமைந்தவை. (111, 110, 100 போன்றவை படிகத்தின் திசைகளையும் தளங்களையும் சுட்டும் மில்லர் குறியீடுகள்.) அணுக்களின் வழியே செல்லும் 110 தளத்தில் வெட்டிப் பார்த்தால், 2.35 ஆங்ஸ்ட்ராம் நீளமுள்ள பிணைப்பின் நடுவில் இணைதிறன் எலக்ட்ரான்கள் குவிந்திருப்பதும், அங்குள்ள அடர்த்தி கன ஆங்ஸ்ட்ராமுக்கு 0.2 எலக்ட்ரான் என்ற சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருப்பதும் தெரியும். அதே கணக்கீட்டை 100 தளத்தில் வெட்டினால் அத்தளத்தில் ஒரு பிணைப்பும் கிடக்காது. ஒன்றோடொன்று ஒட்டாத அணுக்களே தெரியும். தளத்தைக் குறிப்பிடாத படத்தைக் கொண்டு சிலிக்கானையே அயனிப் படிகம் என்று ஒரு மாணவர் எழுதிவிட முடியும்.

வட்டக் கோடுகள் அயனித் தன்மைக்குச் சான்றாகா என்பதற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. சோடியம் குளோரைடு படிகத்தின் இடங்களில் நடுநிலை அணுக்களை வைத்து, அவற்றின் அடர்த்திகளை வெறுமனே கூட்டினாலும், மொத்த அடர்த்திப் படம் உண்மையான படிகத்தின் படத்தை மிகவும் ஒத்திருக்கும். மொத்த அடர்த்தியில் பெரும்பங்கு அணுக்களுடையது. பிணைப்பு உருவாக்கும் மாற்றம் சிறியது. ஆகவே படிக அடர்த்தியிலிருந்து அந்தக் கூட்டுத்தொகையைக் கழித்த வேறுபாட்டுப் படத்தையே கேட்டு வாங்குங்கள். அந்த நடுநிலை அணுக்களும் அதே சூடோபொட்டென்ஷியலில் (அணுக்கருவையும் அதையொட்டிய உள்ளக எலக்ட்ரான்களையும் ஈடுசெய்யும் தோராயத்தில்), அதே கூட்டில், அடர்த்தி கணக்கிடப்படும் அதே கட்டப்புள்ளிகளில் கணக்கிடப்பட்டவையா என்றும் கேளுங்கள். இல்லையெனில் கழித்தலில் மிஞ்சுவது கணக்கீட்டுப் பிழையாகவும் இருக்கலாம்.

எண்களிலும் கவனம் தேவை. டிஎஃப்டி கணக்கீடுகளுக்கான வாஸ்ப் (VASP) நிரல், அடர்த்தியைச் சேமிக்கும் தன் சிஎச்ஜிகார் (CHGCAR) கோப்பில் அதனைக் கூட்டின் கன அளவால் பெருக்கியே எழுதுகிறது. அதனால் ஒரே சிலிக்கானுக்கு, இரண்டு அணுக்கள் கொண்ட கூட்டில் சராசரி 8 ஆகவும், எட்டு அணுக்கள் கொண்ட கூட்டில் 32 ஆகவும் வரும். கன அளவால் வகுக்காமல் இரு சேர்மங்களின் வண்ண அளவுகோல்களை ஒப்பிடுவது பொருளற்றது. மேலும் அக்கோப்பில் உள்ளக எலக்ட்ரான்கள் இல்லை. எனவே பேடர் முறையில் (அணுக்களுக்கு இடையே அடர்த்தி குறைந்திருக்கும் பரப்புகளை எல்லையாகக் கொள்ளும் முறையில்) மின்னூட்டங்களைப் பங்கிடும்போது, உள்ளக அடர்த்தியையும் சேர்த்த மொத்த அடர்த்தியைக் கொண்டே அணுக்களின் எல்லைகளை வகுக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் எண்ணும் ஆக்சிஜனேற்ற எண் அன்று. மெக்னீசியம் ஆக்சைடில் மெக்னீசியத்துக்கு 2-க்குக் குறைவான மதிப்பு வருவதை மட்டும் காட்டிச் சகப்பிணைப்பு என்று எழுதுவதையும் அனுமதிக்காதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் மாணவரிடம் தளம், அலகு, சமமதிப்புக் கோடுகளின் இடைவெளி, கழிக்கப்பட்ட அடர்த்தி ஆகிய நான்கையும் கேளுங்கள். படத்தின் கீழேயே இவற்றை எழுதும்படி நெறியாளர்கள் முதல் வரைவிலேயே வலியுறுத்தினால், தேர்வாளர்கள் அவற்றைக் கேட்க வேண்டிய தேவையே இராது.

இப்படிக்கு,
கணினிசார் திண்மநிலை இயற்பியல் ஆய்வாளர் ஒருவர்