பக்ஸ்டன் பத்தியும் ஒரு தடவ எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பயணப் பக்கத்துல இங்கிலாந்து பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா லண்டன விட்டு வெளியவே வரலையேங்கிறதுதான் என் வருத்தம். போன வருஷம் அம்மாவ கூட்டிக்கிட்டு டெர்பிஷைர்ல பக்ஸ்டன்ங்கிற சின்ன ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தேன், அதுல இருந்தே யார்கிட்டயாவது சொல்லணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.

நாங்க தங்கினது கிரெசன்ட் ஹோட்டல்ல. பிறை மாதிரி வளைஞ்சு நிக்கிற கல் கட்டடம், 1780ல ஆரம்பிச்சு 1789ல முடிச்சிருக்காங்க, அஞ்சாவது டெவன்ஷைர் டியூக்ங்கிற பிரபு காசு போட்டு ஜான் கார்ங்கிற ஆர்க்கிடெக்ட் கட்டினது. எல்லாம் அங்க இருக்கிற ஊத்துத் தண்ணிக்காகத்தான். ரோமானியர் காலத்துலயே அந்த ஊர் குளியலுக்குப் பேர் போனது, ஸ்காட்லாந்து ராணி மேரி இங்கிலாந்துல கைதியா இருந்த காலத்துல கூட மூட்டுவலிக்காக இங்க வந்துட்டுப் போயிருக்காங்க, அவங்க தங்கின இடத்துல இப்பவும் ஓல்டு ஹால்னு ஒரு ஹோட்டல் நடக்குது, நாங்க தங்கின இடத்துல இருந்து ரெண்டு நிமிஷ நடைதான்.

இவ்வளவு பெருமை இருந்தும் இந்த கிரெசன்ட் 1990கள்ல இருந்து பூட்டியே கெடந்துச்சாம். அப்படியே விட்டிருந்தா போயிருக்கும். ஊர் கவுன்சில், லாட்டரி வருமானத்துல இருந்து பழைய கட்டடங்களுக்குக் கொடுக்கிற நிதி எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கா மல்லுக்கட்டி 2020 அக்டோபர்லதான் திரும்ப ஹோட்டலா திறந்தாங்க. அந்த மாடிப்படிக் கைப்பிடியில கைய வச்சு ஏறும்போது எனக்கு உண்மையிலயே கண்ணு கலங்கிடுச்சு, ஒரு கட்டடத்த காப்பாத்த இத்தன பேர் பிடிவாதமா நின்னிருக்காங்களேன்னு.

ஹோட்டலுக்குள்ளயே இருக்கிற ஸ்பா, அதாவது ஊத்துத் தண்ணிக் குளியல் பத்தி சொல்லணும்ல. ஊத்துத் தண்ணி மழையோ பனியோ எப்பவும் 27, 28 டிகிரியிலதான் வரும், கொதிக்கக் கொதிக்க இருக்கும்னு நெனச்சுட்டுப் போகாதீங்க, மொத கால வைக்கும்போது லேசா சிலிர்க்கும், அஞ்சு நிமிஷத்துல ஒடம்பு பழகிடும், அப்புறம் வெளிய வர மனசே வராது. மேல கலர் கண்ணாடிக் கூரை, அதுல இருந்து வெளிச்சம் தண்ணியில விழுறத பாத்துக்கிட்டு சும்மா மெதந்தேன். அம்மா எறங்க மாட்டேன்னுட்டாங்க, கரையில உக்காந்து பாத்துட்டு இருந்தாங்க. வலி எல்லாம் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன், அது டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனா பக்கத்துலயே இருக்கிற பெரிய டோம் (குவிமாடம்) வச்ச கட்டடத்துல, ஏழை நோயாளிகளுக்குன்னு ஆரம்பிச்சு இதே தண்ணிய வச்சு வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரி 2000 வரைக்கும் நடந்திருக்கு. டியூக்கோட குதிரைலாயமா இருந்த இடம் அது, 1881ல டோம் போட்டிருக்காங்க, இப்ப யுனிவர்சிட்டி.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஹோட்டலுக்கு எதிர்ல இருக்கிற செயின்ட் ஆன் கிணறுதான். கிணறுன்னு பேரு, பாத்தா ஒரு குழாய், ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கு, யார் வேணாலும் காசு இல்லாம புடிச்சுக்கலாம். கடையில பாட்டில்ல விக்கிறதும் இதே ஊர் தண்ணிதான். காலையில ஜன்னல் வழியா பாத்தா ஊர்க்காரங்க பெரிய பெரிய கேன தூக்கிட்டு வந்து வரிசையில நிக்கிறாங்க, உள்ள அவ்வளவு காசு கொடுத்து தங்குற எங்களுக்கும் வெளிய நிக்கிற அவங்களுக்கும் ஒரே தண்ணி. எறங்க மாட்டேன்னு சொன்ன அம்மா இங்க மட்டும் மூணு தடவ கையில ஏந்திக் குடிச்சாங்க.

அடுத்த தடவ இங்கிலாந்து பத்தி எழுதும்போது இந்த ஊருக்கு அரைப்பக்கமாவது ஒதுக்குங்க சார். மான்செஸ்டர் பிக்காடில்லியில ரயில் ஏறினா ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். தங்க வசதிப்படாதவங்க காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம், காலி பாட்டில் ஒண்ணு கையில இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி