குண்டுமணிக் கணக்கு

அம்மணி,

மான்செஸ்டரில் புது வீட்டுக்கு மாறியாச்சு, ஆறு பேர் ஒண்ணா இருக்கறோம்னு சொன்னாய். அந்த ஆறு பேரில் யாராவது ஒருத்தர் தூக்கத்துக்குன்னோ பார்ட்டிக்குன்னோ வெளியில் மாத்திரை வாங்கினால் என்ன ஆகும்னு நீ தெரிஞ்சு வெச்சிருக்கோணும். நீ தொடமாட்டாய்னு எனக்குத் தெரியும். பக்கத்து ரூமில் ஒருத்தருக்கு மூச்சு நிக்கும்போது வீட்டில் இருக்கப்போறது நீதான்.

அந்த மாதிரி மாத்திரையில் ஓபியம் மாதிரி வேலை செஞ்சு மூச்சை அடக்கற ஃபென்டனிலோ நைட்டசீனோ கலந்திருக்கலாம். முதலில் அளவு. வலி மருந்தான மார்ஃபினை மில்லிகிராமில் கொடுப்பாங்க, ஃபென்டனிலை மைக்ரோகிராமில். பெல்ஜியத்தில் பால் ஜான்சன் கண்டுபிடிச்ச மருந்து அது, மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வலு. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டர் கையில் அருமையான மருந்து. பழக்கமில்லாத உடம்புக்கு 2 மில்லிகிராம் போனாலே உயிர் போகலாம். அந்தக் காலத்தில் தங்கம் நிறுத்த குண்டுமணி ஒண்ணு ஏறக்குறைய 120 மில்லிகிராம். அதை அறுபது கூறு போட்டால் ஒரு கூறு, அவ்வளவுதான். இப்போ அந்த ஊரில் சுத்தற நைட்டசீன் வகையில் சிலது ஃபென்டனிலையும் மிஞ்சும்.

கள்ள மாத்திரை அடிக்கறவன் இந்தத் துளியைக் கிலோக்கணக்கான மாவில் கையால் கலக்கறான். உப்பு சரியாக் கரையாத மாவில் ஒரு இட்லி சப்புன்னும் இன்னொண்ணு கரிச்சும் வருமே, அதேதான். ஒரே அட்டையில் ஒரு மாத்திரையில் ஒண்ணும் இருக்காது, அடுத்ததில் மூணு பேர் பங்கு இருக்கும். "நேத்து நான் போட்டேன், ஒண்ணும் ஆகலை"ன்னு எவன் சொன்னாலும் நம்பாதே. அங்கே ஆக்ஸிகோடோன் வலி மாத்திரை, டயஸபாம் பதட்ட மாத்திரைன்னு விக்கற போலி மாத்திரையிலும் நைட்டசீன் அகப்பட்டிருக்குது. ஃபென்டனில் கலந்திருக்கான்னு பார்க்கற சோதனைப் பட்டையில் நைட்டசீன் தெரியாது. அதுக்குத் தனிப் பட்டை இருக்குது, அதுவும் சிலதை விட்டுரும்.

புதுப் புது போதை மருந்துக்குச் சட்டம் ஏன் பின்னாடியே ஓடுதுன்னு கேட்டாய். நம்ம கொங்குக் குலத்தில் ஒரு கூட்டத்தை நினைச்சுக்கோ. சட்டம் ஒரு ஆளைப் பேர் சொல்லித் தடுத்தால், அதே கூட்டத்துப் பங்காளி வேற பேரில் வந்து நிப்பான். நைட்டசீனை 1950களின் கடைசியில் பாசலில் சீபா கம்பெனி உண்டாக்குச்சு. மூச்சை அளவுக்கு மீறி அடக்கினதால் மருந்தா வரவே இல்லை. எட்டோனிட்டசீன் மாதிரி ஒண்ணு ரெண்டு மட்டும் 1961 ஐ.நா. போதை மருந்து உடன்படிக்கைப் பட்டியலில் ஏறுச்சு. 2019 மே 1 முதல் சீனா ஃபென்டனில் வகை மொத்தத்தையும் கட்டுக்குள் கொண்டு வந்தது. அந்த வருசத்திலேயே நைட்டசீன் கூட்டத்து ஐசோட்டோனிட்டசீன் தெருவுக்கு வந்துருச்சு. அது ஐ.நா. பட்டியலில் ஏற 2021 ஆச்சு. அதுக்குள்ளே அடுத்த பங்காளி கிளம்பியாச்சு. பிரிட்டன் 2024 மார்ச்சில் சிலதைப் பேர் பேராத் தடுத்தது. 2025 ஜனவரியில்தான் மூலக்கூறின் அமைப்பைச் சொல்லிக் கூட்டத்தையே தண்டனை அதிகமான ஏ வகுப்பில் போட்டது. வெச்சிருந்தாலே 7 வருசம் வரைக்கும் சிறை. கை மாத்திக் கொடுத்தால் ஆயுள் வரைக்கும். சிநேகிதிக்குச் சும்மா கொடுத்தாலும் கொடுத்ததுதான்.

என் எண்ணத்தில் கூட்டத்தைத் தடுக்கறதுதான் சரி. ஆனால் ஆராய்ச்சிக்கும் வலி வைத்தியத்துக்கும் வழி விடோணும். நம்ம நாட்டில் போதை மருந்துச் சட்டத்துக்கு 2014 திருத்தம் வர்ற வரைக்கும் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் வாங்க ஆஸ்பத்திரிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. என்.டி.பி.எஸ்.னு சொல்ற அந்தச் சட்டத்தில், வியாபாரத்துக்குன்னு எடுத்துக்கற வணிக அளவு ஹெராயினுக்கு 250 கிராம், ஃபென்டனிலுக்கு 0.1 கிராம். ஒரு குண்டுமணிக்கும் கம்மி. அதுக்கே 10 முதல் 20 வருசம் சிறை. ட்ரமடால்ங்கற வலி மாத்திரையை 2018 ஏப்ரலில் இந்தச் சட்டத்துக்குள் கொண்டு வந்தாங்க. இப்போ கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் போலீஸ் பிடிக்கற வலி மாத்திரை அதன் பங்காளி டேபென்டடால். அதைக் கரைச்சு ஊசியில் ஏத்தறாங்க. மாத்திரையில் இருக்கற கரையாத மாவு ரத்தக்குழாயையும் நுரையீரலையும் அடைச்சுரும்.

இனி நீ செய்ய வேண்டியது. கூப்பிட்டால் எழும்பலை, மார்பெலும்பில் கைவிரல் முட்டியால் அழுத்தித் தேச்சாலும் அசைவில்லை, கண்மணி ஊசிமுனையாட்டம் சுருங்கிருச்சு, மூச்சு வெகு நேரத்துக்கு ஒண்ணு வருதுன்னா தூக்கம்னு விட்டுராதே. கொர் கொர்னு வர்ற சத்தம் குறட்டை இல்லை, தொண்டை அடைக்குது. நம்ம நிறத்துக்கு உதடு நீலமாத் தெரியாது, சாம்பலாத் தெரியும்; ஈறையும் நகத்தையும் பாரு.

உடனே ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிடு. மூச்சு வரலைன்னு முதல் வாக்கியத்திலேயே சொல்லு. மல்லாக்கப் படுக்க வெச்சுத் தலையைப் பின்னுக்குச் சாய்ச்சு, இந்த மருந்துகளை முறிக்கற நலோக்சோன் ஸ்ப்ரேயை ஒரு மூக்குத் துளையில் முழுசா அமுக்கு. அமுக்கிப் பார்த்து வீணாக்காதே, ஒரு தடவைதான் அடிக்கும். மூக்கை மூடி 5 விநாடிக்கு ஒரு மூச்சு வாயில் ஊது. 2, 3 நிமிசத்தில் மூச்சு வரலைன்னா அடுத்த ஸ்ப்ரேயை மறு துளையில். ஆள் முழிக்கலைன்னாலும் பரவாயில்லை, மூச்சு வந்தால் போதும். வந்ததும் ஒருக்களிச்சுப் படுக்க வை. மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊத்தாதே, நுரையீரலுக்குப் போயிரும்.

நலோக்சோன் 30 முதல் 90 நிமிசம்தான் நிக்கும், நைட்டசீன் அதுக்கு மேலும் நிக்கலாம். எழுந்து உக்காந்து, வாந்தி எடுத்து, உன்னைத் திட்டினாலும் தனியா விடாதே. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கூடவே இரு. அவங்க சாப்பிட்டது வேற வகை மாத்திரையா இருந்தாலும் நலோக்சோனால் கெடுதல் இல்லை, தயங்காதே.

அங்கே போதை சிகிச்சை மையத்தில் இலவசமாவே கொடுக்கறாங்க. இந்த வாரமே ஒரு டப்பா வாங்கி, காலாவதித் தேதி பார்த்து, ஆறு பேருக்கும் தெரியற மாதிரி சமையல்கட்டு அலமாரியில் வை. ஃப்ரீஸரில் வெச்சுராதே. வாங்கினதும் அப்பாவுக்கு ஒரு போன் போடு.

அப்பா